நெஞ்சில் குத்திய பேட்ஜும் நோயாளியின் கேள்வியும்

கலஹா தோட்டங்களில் இருப்பவர்களுக்கு சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தால் பேராதனைக்கோ கண்டிக்கோதான் பஸ் ஏற வேண்டும். அங்கே படம் எடுப்பவரின் சட்டையில், நெஞ்சுக்கு நேரே, சின்ன பிளாஸ்டிக் பேட்ஜ் ஒன்று இருக்கும். வேலை செய்யும்போது அவர்மீது பட்ட கதிர்வீச்சைக் கணக்கு வைப்பது அதுதான்.

பேட்ஜுக்குள் இருப்பது ஒளிரும் பொருள். கதிர் படும்போது ஆற்றலில் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஆய்வுகூடத்தில் சூடாக்கினால் அதை ஒளியாக விட்டுவிடும். அந்த ஒளியை அளந்து டோஸைக் கணக்கிடுகிறார்கள். இந்தியாவில் இதற்குக் கல்சியம் சல்பேட் பயன்படுகிறது. பல நாடுகளில் லித்தியம் ஃபுளோரைட். ஜப்பானின் பானாசோனிக் பேட்ஜ்களில் லித்தியம் போரேட்டும் உண்டு.

போரேட்டைத் தேடிப்போனதற்குக் காரணம் இருக்கிறது. அதன் பயனுறு அணு எண் சுமார் 7.3, நம் தசைக்கு சுமார் 7.4. அதனால் உடம்பு வாங்கும் கதிரை ஏறக்குறைய அதே விகிதத்தில் அதுவும் வாங்கும். கல்சியம் சல்பேட்டோ எக்ஸ்ரே கதிர்களைப் பல மடங்கு கூட்டிக் காட்டும். மேலே உலோகத் தகடு வைத்துத்தான் சரிக்கட்ட வேண்டும். போரேட்டிலும் குறை உண்டு: ஈரத்தை இழுக்கும். மழையும் பனிமூட்டமும் விடாத மலைநாட்டில் அது சின்ன விஷயமல்ல.

எந்தப் பொருளானாலும், போடாத பேட்ஜ் ஊழியர்மீது பட்ட கதிரை அளக்காது. எக்ஸ்ரே அறையில் கழற்றித் தொங்கவிட்டால் அறையின் கதிரைத்தான் பதியும். சூடாக்கி ஒருமுறை வாசித்ததும் பதிவு அழிந்துவிடுவதால், மிஞ்சுவது ஏட்டிலுள்ள எண் மட்டுமே. அந்த எண்ணைக் கேட்டுப் பார்ப்பது ஊழியரின் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊழியருக்கான சர்வதேச வரம்பு, ஐந்து ஆண்டுச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட் (டோஸை அளக்கும் அலகு). எந்த ஒரு வருடத்திலும் 50ஐத் தாண்டக்கூடாது. கர்ப்பமானதும் பெண் ஊழியர் அறிவித்தால், மீதிக் காலத்தில் கருவுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் படாதபடி நிர்வாகம் வேலையை மாற்றியமைக்க வேண்டும்.

நோயாளிக்கு பேட்ஜும் இல்லை, வரம்பும் இல்லை. நோயைக் கண்டுபிடிக்கும் நன்மை பெரிது என்பதால் முடிவு மருத்துவரிடம் விடப்பட்டிருக்கிறது. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லிசீவர்ட்டோ அதற்கும் குறைவோதான். வயிற்று சி.டி.க்கு சுமார் 8 முதல் 10 வரை ஆகும். இதைக் கண்டு பயந்து தேவையான ஸ்கேனைத் தள்ளிப்போடுவது முட்டாள்தனம். ஆனால் "இது அவசியமா, அல்ட்ராசவுண்ட் போதுமா?" என்று டொக்டரிடம் கேட்கலாம். பழைய படங்களைக் கையோடு கொண்டுபோனால் அதே படத்தைத் திரும்ப எடுப்பது குறையும். கர்ப்பம் என்ற சந்தேகம் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படம் எடுக்கும்போது பிள்ளையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னால் ஈயக் கவசம் கேட்டு வாங்குங்கள்.

கதிர்வீச்சுக் கருவிகளுக்கு உரிமம் வழங்குவதும் பரிசோதிப்பதும் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தல் பேரவையின் பொறுப்பு. சந்தேகம் இருந்தால் அங்கே முறையிடலாம். அரச ஆஸ்பத்திரி என்றால், கருவிக்கு உரிமம் இருக்கிறதா, கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள் என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் முடிவைச் சொல்ல வேண்டும்.