சிகிரியாவோடு திரும்பிவிடும் கமரா

இலங்கையைச் சுற்றிக்காட்டும் பயண ஆவணப்படங்களில் மாத்தளை மாவட்டம் அநேகமாக முதல் சில நிமிடங்களிலேயே வந்துவிடும். பெயர் மட்டும் வராது. காட்டின்மேல் ட்ரோன் மிதக்கும், மூடுபனி விலகும், சுமார் 200 மீற்றர் உயரத்தில் சிகிரியாப் பாறை தலைகாட்டும். பிறகு தம்புள்ளைக் குகைகளில் வரிசையாகப் புத்தர் சிலைகள், நக்கிள்ஸ் மலைத்தொடர், வாசனைத் திரவியத் தோட்டமொன்றில் கராம்பை நசுக்கி முகர்ந்து பார்க்கும் தொகுப்பாளர்.

இதில் பொய் எதுவும் இல்லை. யுத்தத்தைச் செய்திகளில் பார்த்தே பழகிய வெளிநாட்டவருக்கு நெடுங்காலம் இலங்கை என்றால் மணல்மூட்டையும் சோதனைச் சாவடியும்தான். அதை மாற்றியதில் இந்தப் படங்களுக்கும் பங்குண்டு. யுத்தம் முடிந்த 2009இல் நாலரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான சுற்றுலாப் பயணிகள் வந்த நாட்டுக்கு, 2018இல் 23 இலட்சம் பேர் வந்தார்கள். மாத்தளை, தம்புள்ளைப் பக்கத்து வழிகாட்டிகள், வான்காரர்கள், வீதியோரக் கடைக்காரர்கள் வீட்டில் அடுப்பெரிய அதுவும் ஒரு காரணம்.

ஆனால், இந்தப் படங்களுக்கு இரத்தத்தைக் கண்டால் கூச்சம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பழைய இரத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தந்தை தாதுசேனனைக் கொன்று 477இல் அரியணை ஏறிய காசியப்பன், இந்தியாவுக்குத் தப்பியோடிய சகோதரன் முகலன் படையோடு திரும்புவான் என்று அஞ்சிக் கட்டிய கோட்டைதான் சிகிரியா. முகலன் வந்தான், வென்றான். இந்தத் தந்தைக்கொலையையும் சகோதரச் சண்டையையும் பின்னணி இசையோடு விஸ்தாரமாகச் சொல்வார்கள். 1,500 ஆண்டு கடந்துவிட்டால் கொலையும் சுற்றுலாதான்!

பாறையின் இடுப்பில் ஓடும் கண்ணாடிச் சுவரில், 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரை வந்துபோனவர்கள் கீறிவைத்த கவிதைகளில் 685ஐப் படித்து 1956இல் பதிப்பித்தார் பேராசிரியர் பரணவிதான. அவற்றிலும் பெரும்பாலானவை பாறையில் தீட்டிய ஓவியப் பெண்களின் அழகைப் பற்றியவையே. பயணியின் கண் அன்றும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

அழகுக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. உலக ஆவணப்பட வரலாற்றில் இடம்பிடித்த ‘சோங் ஒப் சிலோன்’ (1934), இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக பசில் ரைட் எடுத்தது. 1935இல் பிரஸ்ஸல்ஸ் விழாவில் முதல் பரிசு பெற்றது. லயனல் வென்ட்டின் குரலில் வரும் அதன் விவரணையோ, 1681இல் வெளியான, ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து எடுத்தது. தோட்டத் தொழிலாளர் இந்த மண்ணில் கால் வைப்பதற்கு ஒன்றரை நூற்றாண்டு முந்திய வார்த்தைகளில் அவர்களின் கதை எப்படி வரும்?

அந்தக் கதை நடந்து வந்த பாதை மாத்தளை வழியாகவே போகிறது. கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், காட்டுவழியே தம்புள்ளை கடந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தார்கள். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தப்பி வந்தவர்கள் கும்பிட்ட அம்மன்தான் இன்று 108 அடி இராஜகோபுரத்தோடு நிற்கும் மாத்தளை முத்துமாரியம்மன்.

1982இல் ‘டுரான் டுரான்’ என்ற ஆங்கிலேய இசைக்குழு சிகிரியா உச்சியில் நின்று தன் பாடலொன்றைப் படம்பிடித்தது. உலகம் பார்த்து மயங்கியது. மறு ஆண்டு தமிழருக்கு எதிரான ஜூலைக் கலவரத்தில் முத்துமாரியம்மன் கோயிலும் தீவைப்புக்குத் தப்பவில்லை.

மாவட்டத்தின் காயம் தமிழருடையது மட்டுமல்ல. 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் கட்டுமான வேலைக்காக மண் தோண்டியபோது, 150க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் வெளிவந்தன. ஜே.வி.பி. என்ற இடதுசாரிக் கட்சியின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்ட 1980களின் பிற்பகுதிக்குரியவை என்றார் தொல்லியலாளர் ராஜ் சோமதேவ. அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றின் காபன் பரிசோதனையோ 1950க்கு முந்தியவை என்றது. காணாமற்போன பிள்ளைகளைத் தேடிய சிங்களத் தாய்மாருக்கு விடை கிடைக்கவில்லை.

பயணப் படம் விசாரணைக் கமிஷன் ஆக வேண்டியதில்லை. சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டே இதையெல்லாம் தொட முடியும் என்று காட்டியவர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் அந்தனி போர்டெய்ன். யுத்த காலத்தில் ஒருமுறை வந்துபோனவர், 2017இல் ஒளிபரப்பான நிகழ்ச்சிக்காக ரயிலேறி யாழ்ப்பாணம் போனார். நண்டுக் கறியும் வந்தது, யுத்தமும் வந்தது; படத்தின் சுவை கெட்டுவிடவில்லை.

மாத்தளையில் அப்படி ஒரு படத்துக்கு விஷயம் நிறைய இருக்கிறது. 2023இல், மலையகத் தோட்ட மக்கள் வந்து 200 ஆண்டானதை நினைவுகூர்ந்து ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம், முன்னோர் வந்த பாதையைப் பிடித்து ஆகஸ்டில் மாத்தளையில்தான் முடிந்தது. சிகிரியாவை முடித்துக்கொண்டு கண்டிக்குப் போகும் படப்பிடிப்பு வான்களுக்கும் வழி அதே ஏ9 வீதிதான். மாசி மகத்தன்று அம்மனின் ஐந்து தேர்களும் நகருக்குள் இறங்கிவிட்டால், அந்த வான்களும் கொஞ்ச நேரம் நின்றுதான் போக வேண்டும்.