விரிசலில் புட்டி அப்பும் முன்... பென்சிலால் ஒரு கோடு போடுங்க!

வாடகை வீட்டைக் காலி பண்ணும் வாரத்தில்தான் பலருக்கும் சுவரே கண்ணில் படும். டிவி மாட்டிய இடத்தில் நாலு ஓட்டை, ஜன்னல் மூலையில் ஒரு விரிசல். ஓனர் அட்வான்ஸில் கை வைப்பதற்குள் ஒரு கிலோ புட்டி வாங்கி அப்பிவிடலாம் என்று தோன்றும். ஓட்டைக்கு அது போதும். ஆனால், விரிசல் வளரக்கூடியது.

வளர்கிறதா என்று பார்க்க, அது முடியும் இரு முனைகளிலும் குறுக்கே பென்சில் கோடு போட்டு, தேதி எழுதி வைக்கணும். ஒரு மாதம், முடிந்தால் ஒரு மழைக்காலம் கழித்துக் கோட்டைத் தாண்டியிருந்தால் எந்தப் புட்டியும் நிற்காது. அவ்வளவு நாள் இல்லையா? விரிசலின் போக்கை வைத்தே ஓரளவு சொல்லிவிடலாம்.

முடி போல மெலிதாக, வலை மாதிரி படர்ந்திருந்தால் பெரும்பாலும் பூச்சு காய்ந்து சுருங்கியதுதான். பயமில்லை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் நேராக ஓடுவதும் சகஜம். கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை. அங்கே பூச்சைக் கொத்தி எடுத்து, கோழிவலை அடித்துப் பூசணும். கொத்தனார் வேலை அது.

செங்கல் இணைப்பு வழியே படிக்கட்டு மாதிரி சாய்வாக ஏறினால், அஸ்திவாரம் இறங்குகிறதோ என்று சந்தேகப்படணும். சீலிங்கில் துருக்கறையோடு விரிசல் இருந்தால் இன்னும் மோசம். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பெயர்த்துத் தள்ளும். அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டுக் கிளம்பினால், அடுத்து குடிவருபவர் தலையில் விழலாம். இந்த இரண்டுக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர்தான் வரணும். ஓனருக்கு உடனே வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பிவிட்டால், சொன்னதற்குப் பதிவும் இருக்கும்.

சின்ன விரிசலிலும் மேலாகத் தடவினால் கொஞ்ச நாளில் கோடு மறுபடி எட்டிப் பார்க்கும். பட்டி பிளேடு முனையால் 'வி' வடிவில் லேசாக அகலப்படுத்தி, தூசியைத் தட்டி, தண்ணீர் தெளிக்கணும். இல்லையென்றால் காய்ந்த சுவர் புட்டியின் ஈரத்தை உறிஞ்சி, அது பொடியாக உதிரும். டிரில் ஓட்டையில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு மூன்று தடவையாக நிரப்பலாம்; ஒரே தடவையில் அடைத்தால் காயும்போது குழி விழும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சீக்கிரம் இறுகும்தான். ஓதம் ஏறும் பாத்ரூம் சுவருக்கு வேண்டாம்.

காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து பெயின்ட். அடைத்த இடத்தில் மட்டும் தொட்டால் பழைய நிறத்தோடு ஒட்டாமல் திட்டாகத் தெரியும். மூலைக்கு மூலை அந்த ஒரு சுவர் முழுக்க அடித்துவிடுவது நல்லது.