நகம் எடுத்த விரலுக்கு நான்கு வாரம்

கால் பெருவிரல் நகத்தின் ஓரம் சதைக்குள் இறங்கி வளர்ந்துவிட்டால் செருப்பு மாட்டுவதே வேதனை. களிம்புக்கும் மாத்திரைக்கும் அடங்காதபோது டாக்டர் விரலை மரத்துப்போக ஊசி போட்டு, குத்துகிற ஓரத்தை மட்டும் நீளவாக்கில் வெட்டி எடுக்கிறார். அன்றைக்கே வீடு திரும்பலாம். குழப்பமெல்லாம் அதன் பிறகுதான்.

நகம் எடுத்த குழியில் பெரும்பாலும் ஃபீனால் தடவுவார்கள். 1945இல் அமெரிக்காவில் ஓட்டோ போல் என்பவர் எழுதிவைத்த முறை இது. அந்த ஓரத்தில் நகம் முளைக்கும் வேரை ஃபீனால் பொசுக்கிவிடுவதால், அதே இடத்தில் மறுபடி வளர்வது வெகுவாகக் குறைகிறது. ஆனால் உள்ளே ஆறிக்கொண்டிருப்பது ரசாயனம் சுட்ட புண். அதிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரம் வரை, சிலருக்கு இன்னும் சில நாள், மஞ்சள் நிறத்தில் நீர் கசியும். ஓரம் லேசாகச் சிவந்தும் இருக்கும். இதைச் சீழ் என்று எண்ணிப் பதறுபவர்கள் ஏராளம். வலி நாளுக்கு நாள் குறைந்துவந்தால் பயமில்லை.

குறைந்த வலி திரும்ப ஏறினால், விரல் வீங்கிச் சூடானால், சிவப்பு பாதத்துக்குப் பரவினால், காய்ச்சல் வந்தாலோ தொடை இடுக்கில் நெறி கட்டினாலோ அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

முதல் இரண்டு நாளும் உட்காரும்போதும் படுக்கும்போதும் தலையணை வைத்துக் காலை உயர்த்தியே வைப்பது நல்லது. வீக்கமும் விண்விண்ணென்ற வலியும் அதில்தான் தணியும். கட்டு நனைந்து ரத்தம் வந்தால், காலைத் தூக்கி வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்கலாம்; பிறகும் நிற்காவிட்டால் மருத்துவமனைதான்.

முதல் கட்டை டாக்டர் சொன்ன நாளில் பிரிக்க வேண்டும். காய்ந்த ரத்தத்தில் துணி ஒட்டியிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் புண் மறுபடி கிழியும். வெதுவெதுப்பான நீரில் சற்று நேரம் ஊறவிட்டால் தானாகக் கழன்றுவரும். பின்னர் தினமும் கழுவி, ஒற்றி உலர்த்தி, வாசலின் தடவி, ஒட்டாத துணியால் தளர்வாகக் கட்டினால் போதும். மஞ்சள்தூளும் காப்பித்தூளும் இந்தக் குழிக்குள் போகவே கூடாது. மாத்திரை ஆசையும் வேண்டாம்: 24 ஆய்வுகளை அலசிய காக்ரேன் அமைப்பின் 2012ஆம் ஆண்டு அறிக்கை, அறுவைக்குப் பின் தரும் ஆன்டிபயாடிக் போன்ற சிகிச்சைகளால் தொற்றோ வலியோ குறைந்ததாகத் தெரியவில்லை என்கிறது. தொற்று இருப்பதைப் பார்த்து டாக்டர் எழுதித் தந்தால் அது வேறு.

இடது காலில் அறுவை நடந்திருந்தால் கியர் பைக்கைச் சில நாள் மறந்துவிட வேண்டும். கியரைத் தூக்குவதே அந்த விரல்தான். பள்ளிப் பிள்ளைகள் ஷூவுக்குப் பதில் முன்பக்கம் திறந்த செருப்பு போட ஆசிரியரிடம் அனுமதி வாங்கித் தருவது பெற்றோரின் வேலை.

சர்க்கரை நோயாளிகள் மட்டும் இதையெல்லாம் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் நீரின் சூடு தெரியாது, தொற்றின் வலியும் தெரியாது. வீட்டில் ஒருவர் தினமும் அந்த விரலைக் கண்ணால் பார்த்தாக வேண்டும்.