'சில்க் சாரி'யா, 'சில்க்ஸ் சாரி'யா? ஒரு 'எஸ்' செய்யும் குழப்பம்

காஞ்சிபுரம் - வாலாஜாபாத் சாலையில் இருக்கும் ஐயம்பேட்டை, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். தறியிலிருந்து இறங்கும் புடவையை இப்போது வாட்ஸ்அப்பிலேயே விற்கலாம். படத்துக்குக் கீழே ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதணும், அவ்வளவுதான். அங்கேதான் சிக்கல். 'சிக்ஸ் யார்ட் சாரி'யா, 'சிக்ஸ் யார்ட்ஸ் சாரி'யா? ஆறு கெஜம்னா பன்மைதானே?

பன்மைதான். ஆனாலும் 'சிக்ஸ் யார்ட் சாரி' என்பதே சரி. ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் இன்னொன்றுக்கு முன்னால் நின்று 'என்ன வகை' என்று சொல்லும்போது, பெரும்பாலும் பன்மையை உதறிவிடும். புடவையின் நீளத்தைத் தனியாகச் சொன்னால், 'சிக்ஸ் யார்ட்ஸ்'.

இது நமக்குப் புதுசு இல்லை. உள்ளே ஆயிரம் புடவை அடுக்கியிருந்தாலும் அது 'புடவைக் கடை'தான். 'புடவைகள் கடை' என்று யாரும் சொல்வதில்லை. ஆட்கள் என்று வந்தால் மட்டும் தமிழ் கொஞ்சம் இளகும்: 'பெண்கள் கல்லூரி', 'ஆசிரியர்கள் சங்கம்'.

அப்போ, 1928-ல் தொடங்கிய 'நல்லி சில்க்ஸ்' தப்பா? இல்லை. அங்கே 'சில்க்ஸ்' கடைசிச் சொல். வேறு எதையும் அது விளக்கவில்லை. பல வகைப் பட்டு என்று பொருள். பின்னால் 'சாரி' ஒட்டினால்தான் 'எஸ்' உதிர வேண்டும்.

விதிவிலக்குகளும் உண்டு. 'கஸ்டம்' என்றால் வழக்கம், 'கஸ்டம்ஸ்' என்றால் சுங்கம். 'எஸ்'ஸை எடுத்தால் பொருளே மாறிவிடும். அதனால்தான் 'கஸ்டம்ஸ் ஆபீஸர்'. 'ஸ்போர்ட்ஸ் டே', 'சேவிங்ஸ் அக்கவுண்ட்' இரண்டும் இப்படி நிலைத்தவைதான். 'வுமன் டாக்டர்' இன்னும் விசித்திரம்: பன்மையில் இரண்டு சொல்லும் மாறி 'விமென் டாக்டர்ஸ்' ஆகும்.

அரசுப் பெயர்களில் இரண்டு வழக்கமும் இருக்கிறது. தமிழக அரசுத் துறையின் ஆங்கிலப் பெயர் 'ஹேண்ட்லூம்ஸ்' என்று பன்மையில் தொடங்கும். 2015 முதல் ஆகஸ்ட் 7-ல் கொண்டாடப்படும் தேசிய கைத்தறி தினமோ 'நேஷனல் ஹேண்ட்லூம் டே'. துறைகள், அமைப்புகளின் பெயர்களில் பன்மை தங்கிவிடுவது ஆங்கிலத்தில் சகஜம். அதைப் பிழை என்று சொல்ல முடியாது.

விற்பவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. 2005-06-ல் புவிசார் குறியீடு பெற்ற பெயர் 'காஞ்சிபுரம் சில்க்'. பதிவேட்டில் 'எஸ்' கிடையாது. அந்தப் பெயரை லேபிளில் போடுபவர்கள் பதிவேட்டில் உள்ளபடியே போடுவது நல்லது.