மோதல்களில் உந்த அழிவின்மையைச் சோதித்தல்

ஒரு பொருளின் நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கினால் கிடைப்பது உந்தம். புறவிசை செயல்படாத அமைப்பில், மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது. இதுவே நேர்க்கோட்டு உந்த அழிவின்மை விதி. மீட்சி மோதலில் மொத்த இயக்க ஆற்றலும் மாறாது. மீட்சியற்ற மோதலில் அதன் ஒரு பகுதி வெப்பமாகவும் ஒலியாகவும் மாறும். பொருள் நசுங்குவதிலும் செலவாகும். "அப்படியானால் உந்தமும் குறையும்" என்று மாணவர் பலர் எழுதிவிடுகின்றனர். அது தவறு என்பதை எளிய சோதனையால் அறியலாம்.

சோதனை முறை

சம நிறையுள்ள இரண்டு எஃகு குண்டுகள், வளைத்த பள்ளச் சட்டம், கார்பன் தாள், வெள்ளைத்தாள், அளவுகோல் ஆகியவை போதும். சட்டத்தின் கீழ்முனை மேசை விளிம்பில் கிடைமட்டமாக இருக்க வேண்டும். முதல் குண்டை மட்டும் குறித்த உயரத்திலிருந்து உருட்டி, அது தரையில் விழும் இடத்தைக் குறிக்கவும். பிறகு இரண்டாம் குண்டை விளிம்பில் வைத்து, முதல் குண்டை அதே உயரத்திலிருந்து விடவும்.

இரு குண்டுகளும் ஒரே உயரத்திலிருந்து விழுவதால், விழும் நேரமும் ஒன்றே. ஆகவே விளிம்பிலிருந்து அவை விழும் கிடைமட்டத் தொலைவு வேகத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். நிறைகள் சமம் என்பதால், தொலைவுகளின் கூடுதலே மொத்த உந்தத்தைக் காட்டும்.

கணக்கீடு

முதல் குண்டு தனியாக 60 செ.மீ. தொலைவில் விழுவதாகக் கொள்வோம்.

மோதலுக்குப் பின் அவை 3 செ.மீ., 57 செ.மீ. தொலைவில் விழுந்தால், கூடுதல் 60. உந்தம் மாறவில்லை. ஆற்றலுக்கு வர்க்கங்களை ஒப்பிட வேண்டும்: முன்பு 3600, பின்பு 9 + 3249 = 3258. சுமார் 90 விழுக்காடு எஞ்சுகிறது. இது ஏறத்தாழ மீட்சி மோதல்.

இரண்டாம் குண்டின் மோதும் பக்கத்தில் சிறிது ஈரக் களிமண்ணை ஒட்டினால், இரண்டும் சேர்ந்தே விழும். தொலைவு 30 செ.மீ. ஆகும். 30 + 30 = 60; உந்தம் அப்படியே உள்ளது. வர்க்கங்களின் கூடுதலோ 1800. இயக்க ஆற்றலில் பாதி போய்விட்டது.

பிழையைக் குறைக்க, மோதல் விளிம்பிலேயே நேருக்கு நேர் நிகழ வேண்டும். ஐந்து முறை செய்து சராசரி காண்க.

துறைமுகத்தில் ஒரு மோதல்

1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட தூத்துக்குடித் துறைமுகத்தில் (இன்றைய வ.உ.சிதம்பரனார் துறைமுகம்), 30,000 டன் நிறையுள்ள கப்பல் நொடிக்கு 15 செ.மீ. வேகத்தில் தளத்தைத் தொடுவதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் சுமார் 3.4 லட்சம் ஜூல். புதுக்கோட்டை வழியாகத் துறைமுகம் செல்லும் 25 டன் லாரி மணிக்கு 19 கி.மீ. வேகத்தில் ஓடினாலே இந்த ஆற்றல் அதற்கு இருக்கும். ஆனால் கப்பலின் உந்தம் லாரியுடையதைப் போல் சுமார் 34 மடங்கு.

கப்பல் நின்றதும் அந்த உந்தம் எங்கே போயிற்று? தளம் பூமியோடு பிணைந்தது. உந்தம் பூமிக்குச் சென்றது. பூமியின் நிறை மிகப் பெரிது என்பதால் அதன் வேக மாற்றத்தை அளக்க இயலாது. ஆற்றலைத் தளத்தின் ரப்பர் தாங்கிகள் அமுங்கி ஏற்கின்றன. அதில் ஒரு பகுதி வெப்பமாகிறது.

எனவே மோதல் கணக்குகளில் முதலில் உந்தச் சமன்பாட்டை எழுதுக. மீட்சி மோதல் என்று உறுதியானால் மட்டுமே இயக்க ஆற்றல் சமன்பாட்டைச் சேர்க்கவும்.