காற்றால் சுழற்ற முடியாத எண்

லண்டனில் 1937 ஜூன் 30 அன்று 999 என்ற அவசர எண் நடைமுறைக்கு வந்தது. ஆபத்தில் தவிப்பவருக்கு 111தானே சுலபம், ஏன் இத்தனை நீளமாக டயலைச் சுழற்ற வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றும். 111-இன் குறையே அந்தச் சுலபம்தான். பழைய தொலைபேசியில் டயல் திரும்பி வரும்போது கம்பியில் ஓடும் மின்னோட்டம் நொடிக்குப் பத்து முறை என்ற வேகத்தில் அறுந்து அறுந்து சேரும். ஒரு முறை அறுந்தால் 1, ஒன்பது முறை அறுந்தால் 9. இணைப்பகம் எண்ணுவது இந்த அறுபடலை மட்டும்தான்; அறுத்தது விரலா, காற்றா என்று அதற்குத் தெரியாது. கம்பங்களுக்கிடையே தொங்கும் இரு கம்பிகள் காற்றில் உரசினால், யாரோ ரிசீவரை எடுத்ததுபோல மின்னோட்டம் பாயும். விலகி மறுபடி உரசினால் 1 பதிவாகிவிடும். இது விட்டு விட்டு மூன்று முறை நடந்தால் போதும், ஆளே இல்லாத அவசர அழைப்பு ஒன்று போய்ச் சேரும். 999-க்கோ சீரான வேகத்தில் ஒன்பது ஒன்பதாக இருபத்தேழு அறுபடல் வேண்டும். காற்றுக்கு அந்த ஒழுங்கு வராது.

காசு போடாமலே நாணயத் தொலைபேசியில் 0 சுழற்ற முடிந்ததும், அந்த வசதியை 9-க்கும் நீட்டிப்பது எளிதாக இருந்ததும் இந்தத் தேர்வுக்குக் காரணங்கள்தாம், மறுக்கவில்லை. ஆனால் 111-ஐ விலக்கச் சொன்னது கம்பியின் குணம். நியூசிலாந்தில் 1958 முதல் 111தானே அவசர எண் என்பார்கள். அங்கே டயலில் எண்கள் தலைகீழ் வரிசையில் இருந்தன. 1-ஐச் சுழற்றினால் கம்பியில் போனது ஒன்பது துடிப்பு. இணைப்பகத்தைப் பொறுத்தவரை அதுவும் லண்டனின் 999தான்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது பொத்தான் தொலைபேசி என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் 1963-இல் வந்த அந்த முறையிலும் இதே கவலை இருந்தது. 1-ஐ அழுத்தினால் 697, 1209 ஹெர்ட்ஸ் என இரண்டு ஒலிகள் சேர்ந்தே எழும். பேச்சோ சீழ்க்கையோ தற்செயலாக அந்த ஜோடியை எழுப்பிவிடக் கூடாது என்றே அலைவெண்களைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். ஐரோப்பா 1991-இல் தேர்ந்த பொது அவசர எண் 112. துடிப்புக் கணக்கில் வெறும் நான்கு அறுபடல். துடிப்பு டயலையும் ஏற்கும் இணைப்பகத்தில், மழைநீர் இறங்கிய ஓர் இணைப்பே 112-ஐ அழைத்துவிடலாம். மறுமுனையில் இருப்பவர் அந்த மௌனத்தையும் ஓர் உயிராக எண்ணித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இந்தியாவிலும் இன்று அதே 112. கைபேசியில் அந்த அழைப்பு, பிழையைக் கண்டுபிடிக்கும் குறிகளோடு செய்தியாகப் போகிறது. செம்புக் கம்பியில் போகும் துடிப்புக்கு அந்தக் காவல் கிடையாது.