"எந்த லைனுப்பா நீ?"

இரண்டு ஆண்டுகளுக்கு முன் பெங்களூரிலிருந்து மாரிக்குப்பம் போகும் ரயிலில் என் எதிரே ஓர் ஆங்கிலேயத் தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதிக்காரர்கள். அந்த அம்மையாரின் கொள்ளுத்தாத்தா கோலார் தங்கவயலில் வேலை பார்த்து அங்கேயே இறந்தவராம். அவர் கையில் ஒரு தாள் இருந்தது. பெயர், வயது, தொழில், இறந்த காரணம், இறந்த தேதி, புதைத்த தேதி, சடங்கு செய்த பாதிரியார் பெயர், எல்லாம் அதில் இருந்தன.

"நீங்களும் முன்னோரைத் தேடித்தான் போகிறீர்களா?" என்று அந்த அம்மையார் கேட்டார். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறேன் என்றேன். என் தாத்தாவும் அதே மண்ணில்தான் இருக்கிறார். ஆனால் எந்த இடத்தில் என்று எனக்குத் தெரியாது. முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் மைல்கல், பாலம், பாயிண்ட் என்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்டுக் கணக்கு வைத்தவன் நான். சொந்தத் தாத்தாவுக்கு ஒரு கணக்கு வைத்துக்கொள்ளவில்லையே என்று அன்று வெட்கமாக இருந்தது.

நம் சங்கத்திலும் தங்கவயல் குடும்பங்கள் சில உண்டு. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1880ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகுதான் தங்கவயல் பெரிய ஊராயிற்று. பௌரிங்பேட்டையிலிருந்து (இன்றைய பங்காருப்பேட்டை) மாரிக்குப்பம் வரை பத்து மைல் ரயில் கிளை 1894ல் வந்தது. 1902ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. மேலே இருந்து வேலை வாங்க கார்ன்வால்காரர்களும், கீழே இறங்கி வேலை செய்ய வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கத்து ஜனங்களும் வந்தார்கள். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிற்று. 2001 பிப்ரவரி 28ல் மூடிவிட்டார்கள். இப்போது ஊர் ஜனம் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறது.

கல்யாணம் முடிந்த மறுநாள் அந்தத் தம்பதியோடு நானும் ஐரோப்பியர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். முள்ளும் புதரும் மண்டிக் கிடந்தது. ஆனாலும் கல் கல்தான். பல கற்களில் எழுத்து தேய்ந்திருந்தது. அதற்கு என்னிடம் ஒரு தொழில் வித்தை இருந்தது. உச்சி வெயிலில் தேய்ந்த எழுத்து கண்ணுக்குத் தெரியாது. காலையிலோ மாலையிலோ வெயில் சாய்ந்து விழும்போது பள்ளத்தில் நிழல் தங்கி எழுத்து எழும்பி வரும். கல் நிழலில் இருந்தால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலைத் திருப்பினால் போதும். கம்பி பிரஷ், ஆசிட், சுண்ணாம்பு எதையும் கல்லில் வைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் எழுத்தும் போய்விடும்.

இப்படித் தேடுவது இன்று உலகமெங்கும் பெரிய ஈடுபாடாகிவிட்டது. தெற்காசியாவிலுள்ள ஐரோப்பியக் கல்லறைகளைக் கவனிக்க 1970களிலேயே லண்டனில் ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை ஜே.ஜே. காட்டன் என்ற ஐ.சி.எஸ். அதிகாரி 1905லேயே புத்தகமாகத் தொகுத்தார். தேவாலயங்களின் சாவுப் பதிவுகளுக்கு நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பி வைத்தார்கள். அது இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அந்த அம்மையார் கையிலிருந்த தாளும் அப்படிக் கிடைத்ததுதான்.

நம்மவர்களுக்கு? பெரும்பாலும் ஒரு மண்மேடு, தலைமாட்டில் ஒரு குத்துக்கல். நாலு மழையில் மேடு கரைந்துவிடும். இத்தனைக்கும் கல் நடுவது நமக்குப் புதிய பழக்கமா? என் தாத்தா பிறந்தது செங்கம் பக்கம். மாடு மீட்கப் போய்ச் செத்தவனின் பெயரையும் ஊரையும் வெட்டி நட்ட நடுகற்கள் அந்த வட்டாரத்தில்தான் ஏராளமாகக் கிடைத்தன. ஆயிரம் வருடத்துக்கு முன் செத்தவன் பெயர் தெரிகிறது, 1944ல் காய்ச்சலில் போன என் தாத்தாவின் இடம் தெரியவில்லை!

அன்று மாலை தனியாக இடுகாட்டுக்குப் போனேன். குழி வெட்டும் பெரியவர் ஒருவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எண்பது தாண்டியவர். அவருடைய அப்பாவும் அதே வேலைதான் செய்தவராம். தாத்தா பெயரைச் சொன்னேன். அவர் பெயரைக் காதில் வாங்கவே இல்லை.

"எந்த லைனுப்பா நீ?" என்றார்.

தங்கவயலில் அதுதான் முகவரி. கம்பெனி கட்டிக்கொடுத்த தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு லைன் என்று பெயர். நான் லைனைச் சொன்னதும் எழுந்து நடந்தார். ஒவ்வொரு லைன்காரர்களும் தங்கள் ஜனத்தை ஒரே பக்கமாகப் புதைப்பது வழக்கமாம். தாத்தா செங்கத்துக்காரர் என்றதும் நின்றார்.

"உங்க ஆயா செவப்பா, உயரமா இருக்கும். வருசா வருசம் வரும். ரெண்டு எடத்துல பால் ஊத்தும். நான் அப்போ சின்னப் பையன். மீதிப் பாலை எனக்குக் குடுக்கும்" என்றார்.

"ரெண்டு இடமா?"

"ஒண்ணு பெரியவரு. இன்னொண்ணு அவரு காலடியில, கொழந்தை."

எனக்குத் தெரிந்து ஆயாவுக்கு என் அப்பாவும் அத்தையும் மட்டும்தான் பிள்ளைகள். அப்பா காலமாகிவிட்டார். அன்றிரவே அத்தைக்குப் போன் செய்தேன். சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு, "உன் அக்காவுக்கு அந்தப் பேரை உங்கப்பா சும்மாவா வச்சாரு?" என்றார். அப்பாவுக்கு மூத்தவள் ஒருத்தி இருந்திருக்கிறாள். மூன்று வயதில் போய்விட்டாள். ஆயா அதைப் பற்றி வீட்டில் பேசவே விடவில்லையாம்.

எந்தக் கல்லிலும் எந்தப் பதிவிலும் இல்லாத விஷயம் இது. பால் குடித்த ஒரு பையனின் ஞாபகத்தில் எழுபது வருடம் இருந்திருக்கிறது.

காகிதமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் முதலில் பங்குக் கோயிலில் ஞானஸ்நான, அடக்கப் பதிவேடுகளைக் கேளுங்கள். அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த சங்கத்தோடு தொடர்புள்ள குடும்பமானால், 1907 முதல் வந்த அவருடைய 'தமிழன்' இதழ்களைப் புரட்டுங்கள். மாரிக்குப்பம் செய்தி அதில் அடிக்கடி வரும். வீட்டுப் பெட்டியில் பழைய சர்வீஸ் காகிதம், பி.எஃப். காகிதம் எதையும் எறியாதீர்கள். 1930ல் தங்கவயல் தொழிலாளர்கள் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். நியாயமான போராட்டம்தான். ஆனால் இன்று நானே அந்தக் கைரேகைத் தாள் ஒன்று கிடைக்காதா என்று அலைகிறேன்!

கடல் கடந்து போன நம்மவர்களுக்கும் இதே கதைதான். 1942-43ல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில் இறந்த போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. அதே தண்டவாளத்துக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து போய் மாண்ட பல்லாயிரம் தமிழர்களுக்கு அப்படிப் பெயர் சொல்லும் கல் இல்லை. அவர்களில் பலர் எங்கே எப்படி இறந்தார்கள் என்பது பெரும்பாலும் உயிரோடு திரும்பி வந்தவர்கள் வீட்டில் சொன்ன அளவுக்குத்தான் குடும்பத்தாருக்குத் தெரியும்.

ஆகவே விடுமுறைக்கு ஊர் போகும் நண்பர்கள் முதலில் வீட்டிலுள்ள மூத்தவரை உட்காரவைத்து, எந்த ஊர், எந்த லைன், யார் மேஸ்திரி, பக்கத்து வீடு யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அவர் உடம்பு தாங்குமானால் அவரையும் கூட்டிக்கொண்டு இடுகாட்டுக்குப் போங்கள்.

அத்தைக்கு இப்போது எண்பத்து நான்கு. முழங்கால் வலி. மழை விட்டதும் தை மாதத்தில் காரில் அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். கல் வைப்பதா வேண்டாமா என்பதை அங்கே வந்து பார்த்துச் சொல்கிறேன் என்றார். பால் மட்டும் இரண்டு பாக்கெட்டாக வாங்கிக்கொள்ளச் சொன்னார்.